அகராதியைச் சற்றே மூடி வையுங்கள்

கிரிக்கெட் போட்டி நடக்கும் நாட்களில் உங்கள் ஊர் நூலகத்திற்குப் போய்ப் பாருங்கள். ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்குத்தான் போட்டா போட்டி. தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவர்கள் நான்கு பேர், தலையோடு தலை முட்ட, அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். இன்னார் 'டக்' ஆனார், இன்னார் மூன்று 'மெய்டன்' வீசினார், மாலையில் 'நைட் வாட்ச்மேன்' வந்து நின்றார் என்றெல்லாம் அதில் அச்சிட்டிருக்கும்.

அகராதியைப் புரட்டினால் 'டக்' என்பது வாத்து. 'மெய்டன்' என்பது கன்னிப்பெண். 'நைட் வாட்ச்மேன்' என்பவர் இரவுக் காவலாளி. ஆனால் அந்த நால்வரில் ஒருவர்கூட, மைதானத்துக்குள் வாத்து எப்படி வந்தது என்று குழம்புவதில்லை. ஓட்டம் ஏதும் எடுக்காமல் ஆட்டமிழப்பதுதான் டக் என்பது அவர்களுக்குத் தெரியும். பூஜ்யம் வாத்து முட்டை போல் இருப்பதால் வந்த பெயர் அது. 'கணக்கில் முட்டை வாங்கினான்' என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே முட்டைதான்!

இந்தச் சொற்களை அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? எந்த ஆங்கில ஆசிரியரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஆட்டம் தெரியும், ஆட்டத்தில் என்ன நடந்திருக்கக்கூடும் என்பது தெரியும். ஆகவே தெரியாத சொல் வந்தபோது, அது இருந்த இடமே அதன் பொருளைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

இனி, அதே மாணவர் கல்லூரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இயற்பியலை விரும்பி எடுத்திருக்கிறார். பாடநூல் ஆங்கிலத்தில். முதல் பக்கத்தைத் திறக்கிறார். ஒரு வரிக்கு இரண்டு சொல் தெரியவில்லை. பக்கத்தில் அகராதி அல்லது கைப்பேசி. ஒவ்வொரு சொல்லுக்கும் அதைத் தேடுகிறார். சொல்லின் தலைமேல் பென்சிலால் பொருள் எழுதுகிறார். ஒரு பக்கம் முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. முடிந்தபின், 'என்ன படித்தாய் தம்பி?' என்று கேட்டால் பதில் இல்லை. சொற்களெல்லாம் தெரிந்துவிட்டன, பொருள் மட்டும் வரவில்லை. மூன்று மாதம் இப்படிப் போனபின், 'எனக்கு இயற்பியல் வராது சார்' என்கிறார்.

பல ஆண்டுகளாக முதலாண்டு வகுப்பெடுத்து வரும் நான் இந்த வாக்கியத்தை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். இதைவிட என்னை வருந்தச் செய்யும் வாக்கியம் வேறில்லை. ஏனெனில் பெரும்பாலும் அது உண்மையல்ல. அதே மாணவரிடம் தமிழில் கேட்டால் நியூட்டனின் மூன்று விதிகளையும் உதாரணத்தோடு சொல்கிறார். அவருக்கு இயற்பியல் வரும். வராதது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு பக்கத்தைப் படிக்கும் முறை. அந்த முறையைப் பள்ளியிலேயே பழகிக்கொள்ள முடியும் என்பதும், அதற்கு உங்கள் தமிழறிவும் விஞ்ஞான அறிவும் தடையல்ல, அவையே சாவி என்பதும் என் உறுதியான கருத்து. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், நம் வகுப்புகளில் 'பத்தியைப் படித்து விடையளி' என்று ஒரு பயிற்சி நடக்கிறதே, அதைச் சற்றுப் பார்ப்போம். கீழே உள்ள பத்தியைப் படியுங்கள்:

'கரும்பிய மொட்டளி நெடலத்தில் பிங்கியது. அதனால் சுவிண்டிகள் எல்லாம் தொணங்கின.'

கேள்வி ஒன்று: மொட்டளி எங்கே பிங்கியது? விடை: நெடலத்தில் பிங்கியது. கேள்வி இரண்டு: சுவிண்டிகள் ஏன் தொணங்கின? விடை: கரும்பிய மொட்டளி நெடலத்தில் பிங்கியதால் தொணங்கின. இரண்டுக்கும் முழு மதிப்பெண்! ஆனால் மொட்டளி என்றால் என்ன? எனக்கும் தெரியாது, நான் இட்டுக்கட்டிய சொல் அது.

கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, கண்டதும் அந்த வரியைப் பெயர்த்து எழுது. நம் கைடுகளும் நோட்ஸுகளும் கற்றுக்கொடுக்கும் வித்தை இதுதான். இதனால் தேர்வில் தேறலாம். ஆங்கில வழிப் பள்ளி மாணவர்கள் சிலரும் இந்த வித்தையிலேயே பன்னிரண்டு வகுப்புகளையும் கடந்து வருகிறார்கள். அவர்கள் நிலை தமிழ் வழி மாணவர்களின் நிலையைவிட மேலானது என்று நான் நினைக்கவில்லை. சொல்லைத் தேடுவது படிப்பதாகாது.

அப்படியானால் படிப்பது என்பது என்ன? இன்னொரு சோதனை செய்வோம். இதிலும் ஒரு பொய்ச் சொல் இருக்கிறது.

'முருகன் கடையில் ஒரு டொம்பிலி வாங்கினான்.' இப்போது டொம்பிலி என்றால் என்ன? மிட்டாயாகவும் இருக்கலாம், மிதிவண்டியாகவும் இருக்கலாம். காசு கொடுத்து வாங்கும் பொருள் என்பது மட்டும் தெரிகிறது. அடுத்த வாக்கியம்: 'வழியில் மழை பிடித்துக்கொள்ளவே, டொம்பிலியை அவசரமாக விரித்தான்.' ஆயிரம் பொருள்கள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு மூன்றுதான் மிஞ்சுகின்றன: குடை, தார்ப்பாய், பிளாஸ்டிக் விரிப்பு. மூன்றாவது வாக்கியம்: 'காற்று பலமாக அடித்ததில் அதன் கம்பிகள் மேல்நோக்கி வளைந்துவிட்டன.' இனிச் சந்தேகம் உண்டா? குடையேதான்!

இதில் நீங்கள் செய்ததைக் கவனியுங்கள். முதலில் ஓர் ஊகம். அடுத்து வந்த தகவலைக் கொண்டு அந்த ஊகத்தைச் சோதித்தீர்கள். பொருந்தாதவற்றைத் தள்ளினீர்கள். பொருந்தியதை ஏற்றீர்கள். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி செய்வதும் இதுவேயல்லவா? கருதுகோள், சோதனை, திருத்தம். சொல்லுக்குச் சொல் அகராதி பார்ப்பவர் இந்த வேலையை அகராதியிடம் ஒப்படைத்துவிடுகிறார். அகராதிக்கோ வெளியே மழை பெய்வது தெரியாது.

விஞ்ஞான நூல்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கடினமான கலைச்சொற்கள்தான் நம்மைத் தடுக்கின்றன என்று மாணவர்கள் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. 'கேத்தோடு', 'ஆனோடு', 'அயான்' ஆகிய சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1834-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே தம் மின்னாற்பகுப்புச் சோதனைகளை விளக்கப் புதுச்சொற்கள் தேவைப்பட்டு, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதினார். கிரேக்கத்தில் 'ஹோடோஸ்' என்றால் வழி. 'ஆனோடு' மேலேறும் வழி, 'கேத்தோடு' கீழிறங்கும் வழி என்று ஹியூவெல் எடுத்துக் கொடுத்தார். 14 வயதில் புத்தகம் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த ஃபாரடேக்குக் கிரேக்கம் தெரியாது. ஆக, இந்தச் சொற்கள் லண்டன் மாணவனுக்கும் வீட்டில் பேசிப் பழகிய சொற்கள் அல்ல. அவனும் உங்களைப் போலவே புதிதாகத்தான் கற்கிறான். அதனால்தான் நூலாசிரியர் இவற்றை முதல்முறை பயன்படுத்தும்போதே தடித்த எழுத்தில் அச்சிட்டு, 'இஸ் கால்ட்' என்று சொல்லி விளக்கம் தந்துவிடுகிறார். அந்த இரண்டு சொற்களைக் கண்டால் அருகிலேயே ஓர் இலக்கணம் இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

உண்மையில் காலை வாருபவை சாதாரணச் சொற்கள். 'யூனிஃபார்ம்' என்றதும் நமக்குச் சீருடை நினைவுக்கு வருகிறது. இயற்பியலில் அது 'சீரான'. 'நார்மல்' என்றால் இயல்பான என்று நினைக்கிறோம். ஒளியியலில் அது பரப்புக்குச் செங்குத்தான கோடு. 'பாடி' உடலல்ல, பொருள். 'பிளேன்' விமானமல்ல, தளம். ஊசலின் நுனியில் தொங்கும் 'பாப்' என்பது குண்டு. அதை ஓர் ஆங்கிலேயரின் பெயர் என்று கருதி, 'பாப் என்பவர் இங்குமங்கும் ஆடினார்' என்று மொழிபெயர்த்த விடைத்தாளையும் நான் திருத்தியிருக்கிறேன். சிரிக்கத் தோன்றினாலும் தவறு அம்மாணவருடையது மட்டுமல்ல. இந்தச் சொற்களுக்கு நூலில் விளக்கம் இருப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று ஆசிரியர் விட்டுவிடுகிறார்.

இது நமக்கு மட்டுமுள்ள குறையும் அல்ல. பிரிட்டனில் காசெல்ஸ், ஜான்ஸ்டன் என்ற இரு வேதியியல் கல்வி ஆய்வாளர்கள், விஞ்ஞானப் பாடங்களில் வரும் இத்தகைய பொதுச் சொற்களைப் பள்ளி மாணவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1985-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களே தடுமாறினார்கள். 'வாலட்டைல்' என்றால் எளிதில் ஆவியாகக்கூடியது என்று பொருள். எளிதில் தீப்பற்றுவது, வெடிப்பது என்று பலர் கருதியிருந்தார்கள்.

சரி, ஒரு பத்தியை எடுத்துப் படித்தே பார்ப்போம். மண்பானையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி இருப்பதாகக் கொள்வோம். அதன் சாரம் இது: மே மாதத்தில் மண்பானை நீர் குளிர்ச்சியாக இருக்கிறது. பித்தளைக் குடத்து நீர் அப்படி இருப்பதில்லை. மண்பானை 'போரஸ்' ஆனது; அதன் 'டைனி ஹோல்ஸ்' வழியாக நீர் 'சீப்' ஆகிறது. வெளியே வந்த நீர் ஆவியாகும்போது, வேண்டிய வெப்பத்தை உள்ளே மீதமிருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் 'ஹ்யூமிட்' நாளில், நீர் 'ஹார்ட்லி கூல்ஸ்'.

'போரஸ்' தெரியாதா? நிற்காதீர்கள். அரைப்புள்ளியைத் தாண்டி ஐந்து சொல் போங்கள். 'டைனி ஹோல்ஸ்', அதாவது சிறு துளைகள். நுண்துளைகள் உள்ளது போரஸ்! 'சீப்' தெரியாதா? நுண்துளை வழியாக நீர் என்ன செய்யும்? ஓடாது, கொட்டாது; கசியும். 'ஹ்யூமிட்' என்ற சொல்லுக்கு முன்னாலேயே, காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் நாள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மூன்று சொற்களும் அகராதியில்லாமல் கிடைத்துவிட்டன. அதோடு 'பித்தளைக் குடத்து நீர் அப்படி இல்லை' என்ற எதிர்மறை வாக்கியமும் ஒரு துப்பு: பித்தளையில் இல்லாதது எதுவோ அதுதான் மண்பானையில் இருக்கிறது.

இப்போது 'ஹார்ட்லி'. இங்கேதான் ஆபத்து. 'ஹார்ட்' என்றால் கடினம், பலம் என்று தெரிந்த மாணவர், 'ஹார்ட்லி கூல்ஸ்' என்றால் 'பலமாகக் குளிரும்' என்று ஊகித்துவிடக்கூடும். ஊகம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தலைகீழ். பொருள், 'குளிர்வதே இல்லை எனலாம்' என்பது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்கியத்தின் தொடக்கத்தில் 'பட்' என்று இருக்கிறது. முன்னே சொன்னதற்கு மாறாக ஏதோ வரப்போகிறது என்பதற்கு அது அறிகுறி. மேலும், அடைமழைக் காலத்தில் மண்பானை நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பது உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நீங்கள் அறிந்த செய்தி. ஈரக் காற்றில் நீர் மெல்லத்தான் ஆவியாகும் என்பதை ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ தமிழில் படித்திருக்கிறீர்கள். 'பலமாகக் குளிரும்' என்ற ஊகம் இந்த இரண்டு உண்மைகளோடும் மோதுகிறது. மோதினால் எதை விடுவது? ஊகத்தைத்தான்.

'ஹார்ட்லி', 'அன்லெஸ்', 'ஒன்லி இஃப்', 'அட் லீஸ்ட்', 'ரெஸ்பெக்டிவ்லி' போன்ற சின்னச் சொற்கள் ஒரு நாற்பது ஐம்பது இருக்கும். இவற்றை மட்டும் ஊகத்துக்கு விடாதீர்கள். நன்றாகப் படித்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கதையில் ஒரு சொல்லைத் தாண்டிப் போனால் ஓர் அழகு குறையும். விஞ்ஞானத்தில் 'அன்லெஸ்' என்ற சொல்லைத் தாண்டிப் போனால் நியூட்டனின் முதல் விதியே மாறிவிடும்.

இனி மையக்கருத்து. இந்த மண்பானைப் பத்தியின் மையக்கருத்து என்ன என்று கேட்டால், 'மண்பானை நீர் குளிர்ச்சியாக இருக்கும்' என்று பெரும்பாலோர் எழுதுவார்கள். முதல் வாக்கியம்தான் மையக்கருத்து என்று எங்கோ யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரைகளில் அது சரியாக இருக்கலாம். விஞ்ஞான நூலில் முதல் வாக்கியம் பல நேரங்களில் வெறும் காட்சிதான். கருத்து பின்னால் வரும். இந்தப் பத்தியில் அது நான்காவதாக இருக்கிறது: ஆவியாகும் நீர் மீதமுள்ள நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது.

அதுதான் என்று எப்படித் தெரியும்? மண்பானையை எடுத்துவிட்டு, வியர்த்த உடம்பில் விசிறியின் காற்று படுவதை அங்கே வையுங்கள். நெற்றியில் போட்ட ஈரத்துணியை வையுங்கள். மற்ற வாக்கியங்கள் உதிர்ந்துவிடும். இந்த வாக்கியம் அப்படியே நிற்கும். உதாரணத்தை மாற்றினாலும் நிற்பது எதுவோ அதுவே மையக்கருத்து. அது கைக்கு வந்துவிட்டால் கணக்கும் போடலாம். சாதாரண வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 1 லிட்டர் நீரை 1 டிகிரி குளிர்விக்க 4,200 ஜூல் வெளியேற வேண்டும். ஆக, லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாகக் கசிந்து ஆவியானாலே 1 டிகிரி இறங்கிவிடும், வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராவிட்டால்! நம் குயவர் செய்து தந்த பானை எவ்வளவு சிக்கனமான இயந்திரம், பாருங்கள்.

வாக்கிய அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் வினைமுற்று கடைசியில் வந்து வாக்கியத்தை முடித்து வைக்கும். அடைமொழியெல்லாம் பெயருக்கு முன்னே வந்துவிடும். 'நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகிறது' என்கிறோம். ஆங்கிலத்தில் நீர் முதலில் வந்துவிடுகிறது, 'விச்' என்று தொடங்கி, கசிவது, துளை எல்லாம் பின்னால் வால்போல் வருகின்றன, அதற்கப்புறம்தான் 'எவாபரேட்ஸ்'. அந்த வாலிலேயே பல மாணவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். நீண்ட வாக்கியத்தைக் கண்டால் எது எழுவாய், எது பயனிலை என்று முதலில் தேடுங்கள். 'விச்', 'தட்' என்று தொடங்கும் பகுதியைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மீதியைப் படியுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படிக்கத் தொடங்குமுன் தலைப்பையும் படத்தையும் பார்க்கும் வழக்கம் உங்களுக்கு உண்டா? பலருக்கு இல்லை. தலைப்பைத் தாண்டி நேரே முதல் வரிக்குப் போய்விடுவார்கள். 1972-இல் அமெரிக்காவில் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பொருள்களைக் குவியல்களாகப் பிரிப்பது, ஒரே தடவையில் அதிகம் சேர்த்துவிடாமல் இருப்பது, முடிந்தபின் மறுபடி பிரிப்பது என்று போகும் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு சொல்லும் எளிமையானது. இருந்தும் கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயம் துணி துவைப்பது, அவ்வளவுதான்! இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள், தெரியாதவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு செய்திகளை நினைவில் வைத்திருந்தார்கள். விந்தை என்னவென்றால், பத்தி முடிந்தபிறகு 'இது துணி துவைப்பதைப் பற்றி' என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதனால் ஒரு பயனும் ஏற்படவில்லை. தலைப்பு முன்னால் வரவேண்டும்.

இதனினும் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரை எடுத்துக்கொண்டார்கள். நன்றாக வாசிக்கக் கூடியவர், சரியாக வாசிக்க வராதவர் என்று பிரித்தார்கள். அந்த நாட்டு விளையாட்டான பேஸ்பால் பற்றி நன்றாக அறிந்தவர், அவ்வளவாக அறியாதவர் என்றும் பிரித்தார்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்றை வருணிக்கும் பகுதியைப் படிக்கக் கொடுத்து, படித்ததை ஒரு மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களை எளிதாக முந்திவிட்டார்கள்.

விளையாட்டுப் பக்கத்தை நம் மாணவர்கள் படிப்பதும் இவ்வாறே. இதை இயற்பியலுக்கும் பொருத்திப் பாருங்கள். ஆவியாதலைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்ட மாணவிக்கு, ஆங்கிலப் பக்கத்தில் தெரியாத சொல் இருபது இருந்தாலும், அடுத்து என்ன வரக்கூடும் என்பது தெரியும். ஆகவே அவர் ஊகம் செய்ய முடியும். 'ஆங்கிலம் வரவேண்டுமானால் தமிழை மறந்துவிடு, தமிழில் யோசிக்காதே' என்று அறிவுரை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது கையிலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தேடச் சொல்வது போன்றது.

இதற்கு ஒரு சுலபமான வழி நம் மாநிலத்தில் இருக்கிறது; பயன்படுத்துவோர்தான் குறைவு. தமிழக அரசின் அறிவியல் பாடநூல்கள் தமிழிலும் வருகின்றன, ஆங்கிலத்திலும் வருகின்றன. பாடம் ஒன்றே, படங்களும் கணக்குகளும் அவையே. ஆங்கில வழியில் படிக்கும் நண்பரிடம் அந்த நூலைக் கேட்டு வாங்குங்கள். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பாடத்தை முதலில் தமிழில் படியுங்கள். மறுநாள் அதே பாடத்தை ஆங்கிலத்தில் எடுத்து, தமிழ்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படியுங்கள். படங்களின் கீழுள்ள வரிகளிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தலையை நிமிர்த்தி, பத்தி என்ன சொன்னது என்று ஒரே வாக்கியத்தில், தமிழிலேயே, வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையானால் அந்தப் பத்தியை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று பொருள், திரும்பப் போங்கள்.

ஊகத்துக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஹு, நேஷன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நூலைப் பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் நூற்றுக்கு 98 அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் சோதித்தது கதைப் பகுதியை; பாடத்தை ஏற்கெனவே தமிழில் அறிந்தவர் இதற்கும் குறைவான சொற்களோடு சமாளிக்கலாம் என்று நான் நினைக்கிறேன். எனினும், ஒரு பக்கத்தில் 300 சொற்கள் இருக்கின்றன, அவற்றில் 60 தெரியவில்லை என்றால், எந்தத் துப்பும் உதவாது. துப்பாக நிற்க வேண்டிய சொற்களே தெரியாதவையாக இருக்குமே! அப்போது அந்த நூலை வைத்துவிட்டு இரண்டு வகுப்பு கீழே உள்ள ஆங்கில அறிவியல் நூலை எடுங்கள். பத்தாம் வகுப்பு மாணவர் எட்டாம் வகுப்பு நூலைப் படிப்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? அதிலுள்ள விஞ்ஞானம் உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே கவனம் முழுவதையும் ஆங்கிலத்தின்மீது வைக்கலாம்.

அகராதியை நான் வெறுக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். என் மேசையில் மூன்று இருக்கின்றன. எப்போது திறப்பது என்பதுதான் கேள்வி. படிக்கும்போது, தெரியாத சொல்லின் பக்கத்தில், ஓரத்தில், உங்கள் ஊகத்தைப் பென்சிலால் தமிழில் எழுதுங்கள். பாடம் முழுவதும் முடிந்தபின் அகராதியை எடுத்து, அந்த ஊகங்களைத் திருத்துங்கள். வீட்டுக் கணக்கை விடைப் பக்கத்தோடு சரிபார்ப்பதைப் போல. அகராதி ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் தந்தால், எது உங்கள் வாக்கியத்தில் உட்காருகிறது என்று பாருங்கள். பத்துச் சொல் ஊகித்தால் எத்தனை சரி என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வாருங்கள். முதல் வாரம் நான்கு சரியாக இருக்கலாம். தவறிய ஆறும் ஏன் தவறின என்று பார்ப்பது இன்னும் சுவையான வேலை. அவற்றில் இரண்டாவது 'ஹார்ட்லி' வகையைச் சேர்ந்த சின்னச் சொற்களாக இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.